மறுத்த க்ளெய்முக்கு மறுகடிதம்: எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு வயது 61. 2020 ஆகஸ்டில் எடுத்த 5 லட்ச ரூபாய் ஹெல்த் பாலிசி, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் நெஞ்சு வலி, ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்து 2,86,000 ரூபாய் கட்டி வீட்டுக்கு அழைத்து வந்து, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தால், “பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்த அழுத்தத்தைத் தெரிவிக்கவில்லை” என்று நாலு வரியில் மறுப்பு. பிபி இருப்பது தெரிந்ததே 2022-ல்தான் என்கிறார் மகன். மேல்முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது?

நான் பன்னிரண்டு வருடம் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இன்னும் பேனாவை எடுக்காதீர்கள். உங்களிடம் இப்போது இருப்பது கோபமும் மறுப்புக் கடிதமும்தான். இரண்டையும் வைத்து எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன். அந்த வேலையில் சேர்வதற்கு முன்னால், என் அம்மாவின் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஒரு கம்பெனி பணம் தர மறுத்தது. மூன்று பக்கம் எழுதினேன். அப்பா இல்லாத குடும்பம், ஒன்பது வருடமாகக் கட்டிய பிரீமியம், ஏஜென்ட் கொடுத்த வாக்குறுதி, எல்லாம் அதில் இருந்தது. பதில் ஒரே வரி: எங்கள் முந்தைய முடிவில் மாற்றமில்லை. அந்த மேசைக்கு மறுபக்கம் எப்படி வேலை நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஏன் அப்படி வந்தது என்று புரிந்தது. உங்கள் கடிதத்தைப் படிப்பவர் ஒரு டாக்டரோ க்ளெய்ம் அலுவலரோ. அவர் முன்னால் திரையில் உங்கள் ஃபைல் திறந்திருக்கும், அதில் மறுப்புக்கான காரணம் ஒன்று பதிவாகியிருக்கும். அந்தக் காரணத்தைத் தட்டிவிடக்கூடிய புதுக் காகிதம் ஏதாவது வந்திருக்கிறதா என்பதைத்தான் அவர் தேடுவார். இருந்தால் ஃபைல் மேலே போகும். இல்லையென்றால் அந்த ஒரு வரிப் பதில்தான்.

அதனால் முதல் வேலை, அந்த மறுப்புக் கடிதத்தை ஒரு பென்சிலோடு படிப்பது. எந்த விதியின் எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள்? எந்த ஆவணத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள்? இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட ஹெல்த் இன்சூரன்ஸ் சுற்றறிக்கையின்படி, க்ளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதோடு, கம்பெனிக்குள் இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது. உங்களுக்கு வந்த கடிதத்தில் விதி எண் இல்லையென்றால், இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி அதைக் கேட்டு வாங்குங்கள். டிபிஏ-வின் (கம்பெனிக்காக க்ளெய்ம் வேலைகளைப் பார்க்கும் வெளி நிறுவனம்) கடிதம் மட்டும் வந்திருந்தால் கம்பெனியின் கடிதத்தையே கேளுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு, டிபிஏ நடுவில் இருப்பவர் மட்டுமே.

இரண்டாவது வேலைதான் முக்கியம். மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய், அப்பாவின் கேஸ் ஷீட் முழுவதற்கும் நகல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகளே சொல்கின்றன. முதல் பக்கத்தில், அட்மிஷன் நோட்ஸ் என்ற இடத்தில், டூட்டி டாக்டரின் கிறுக்கல் இருக்கும். அங்கேதான் உங்கள் வில்லன் உட்கார்ந்திருக்கிறார். அனேகமாக இப்படி இருக்கும்: “கே/சி/ஓ ஹெச்டிஎன் x 10 இயர்ஸ்”. அதாவது, பத்து வருடமாக ரத்த அழுத்தம் உள்ளவர்.

இது எப்படி வருகிறது தெரியுமா? ராத்திரி பதினோரு மணி, எமர்ஜென்சி. அப்பா ஸ்ட்ரெச்சரில். இளம் டாக்டர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்: “பிபி, சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?” நிற்பது சித்தப்பா. அவருக்கு என்ன தெரியும்? “இருக்கும் சார், ஒரு பத்து வருஷமா இருக்கும்.” அந்த “இருக்கும்” என்ற இழுவை காகிதத்தில் ஏறாது. பத்து மட்டும் ஏறிவிடும். சில கேஸ்களில் 10 நாள் என்று சொன்னது 10 வருடம் ஆகியிருக்கிறது. ஒரு தடவை மனைவியின் சர்க்கரை நோய் வரலாறு கணவரின் கேஸ் ஷீட்டில் ஏறியிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன், அந்தம்மா தன்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேஸ் ஷீட்டில் இருப்பதை அடித்துத் திருத்தித் தரச் சொல்லி டாக்டரைக் கெஞ்சாதீர்கள். கம்பெனியிடம் பழைய நகல் ஏற்கெனவே இருக்கிறது. திருத்தியது தெரிந்தால், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகும், அப்புறம் மோசடி என்ற வார்த்தையே வந்துவிடும். கேட்க வேண்டியது தனியாக ஒரு விளக்கச் சான்று. சிகிச்சை செய்த இதய மருத்துவரின் லெட்டர்ஹெட்டில், அவர் கையெழுத்து, பதிவு எண், தேதியோடு: அட்மிஷனின்போது எழுதப்பட்ட கால அளவு உடன் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது, அதற்கு மருத்துவ ஆவணம் எதுவும் பார்க்கப்படவில்லை, பின்னர் சரிபார்த்த மருந்துச் சீட்டுகளின்படி ரத்த அழுத்தம் முதலில் கண்டறியப்பட்டது இந்தத் தேதியில். இவ்வளவுதான். பெரும்பாலான டாக்டர்கள் இதற்கு மறுப்பதில்லை, உண்மையாக இருந்தால். மாலை ஓபி முடிந்த பிறகு, பழைய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் “எழுதிக் கொடுங்க சார்” என்றால் அவர் ஏன் எழுத வேண்டும்?

மூன்றாவது, பழைய காகிதங்கள். 2022-ல் பிபி மாத்திரை முதலில் எழுதிய டாக்டரின் சீட்டு வேண்டும். அதைவிடப் பலம் வாய்ந்தது, பாலிசிக்கு முன்னால் பிபி சாதாரணமாக இருந்ததற்கான ஆதாரம். அலுவலக வருடாந்திரச் செக்கப், கண் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஃபிட்னஸ் சான்று, பல் டாக்டரின் குறிப்பு, ரத்த தானம் செய்த அட்டை என்று எங்கேயாவது ஒரு 124/80 கிடைக்கும். பரணில் தேடுங்கள்.

நான்காவது, ப்ரொபோசல் ஃபார்ம். 2020-ல் பாலிசி எடுத்தபோது நிரப்பிய விண்ணப்பத்தின் நகலைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், அது உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டிய ஆவணம். ஏஜென்ட் தானே எல்லாக் கட்டத்திலும் “இல்லை, இல்லை” என்று டிக் போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார், நம் ஊரில் அதுதான் வழக்கம். போன் மூலம் மருத்துவக் கேள்விகள் கேட்டிருந்தால் அந்தப் பதிவையும் கேளுங்கள். மறைத்தீர்கள் என்று சொல்பவர், கேட்டோம் என்று முதலில் காட்ட வேண்டாமா?

சரி, இப்போது கடிதம். ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரை. கம்பெனியின் மருத்துவக் குழு வேறு மாநிலத்தில் இருக்கலாம் என்பதால் ஆங்கிலத்தில் அனுப்புவது வேகத்துக்கு நல்லது. அமைப்பு புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். தேதிகளை நானாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

“பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி.

பொருள்: க்ளெய்ம் எண் —, பாலிசி எண் —. 22-04-2025 தேதியிட்ட மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல். தொகை ரூ. 2,86,000.

என் தந்தை 03-03-2025 அன்று நெஞ்சு வலியுடன் அனுமதிக்கப்பட்டு ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டார். ரத்த அழுத்தம் பாலிசிக்கு முன்பே இருந்ததைத் தெரிவிக்கவில்லை எனக் கூறி, விதி எண் — இன் கீழ் க்ளெய்மை மறுத்துள்ளீர்கள். இதற்கு நீங்கள் காட்டும் ஒரே ஆதாரம், கேஸ் ஷீட் முதல் பக்கத்தில் உள்ள ‘10 வருடம்’ என்ற குறிப்பு.

அந்தக் குறிப்பு தவறானது. பாலிசி தொடங்கியது 14-08-2020. ரத்த அழுத்தம் முதலில் கண்டறியப்பட்டது 19-11-2022, அதாவது 27 மாதங்களுக்குப் பிறகு (இணைப்பு 1: அன்றைய மருந்துச் சீட்டு). பாலிசிக்கு முந்தைய 2019 செக்கப்பில் ரத்த அழுத்தம் 124/80 (இணைப்பு 2). ‘10 வருடம்’ என்பது உடன் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது என்று சிகிச்சை அளித்த மருத்துவர் சான்றளித்துள்ளார் (இணைப்பு 3). ஆகவே ப்ரொபோசல் ஃபார்மில் தரப்பட்ட பதில் அன்றைய தேதியில் உண்மையானது.

தவிர, பாலிசி 54 மாதங்களாக இடைவெளியின்றித் தொடர்ந்துள்ளதால், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது.

மறுப்பை ரத்து செய்து, முழுத் தொகையையும் தாமதத்துக்கான வட்டியுடன் வழங்கக் கோருகிறேன். உடன்பட முடியாவிட்டால், நீங்கள் சார்ந்திருக்கும் ஆவணங்களின் நகல்களையும், க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் அளித்த தேதியையும் எழுத்தில் தரவும்.”

இதில் ஒரு பெயரடை இல்லை, ஒரு வசவு இல்லை என்பதைக் கவனியுங்கள். நகை அடகு இல்லை. கோர்ட்டுக்குப் போவேன், ட்விட்டரில் போடுவேன் என்பதும் இல்லை. கடைசிப் பத்தியே அடுத்த படிக்கு இவர் தயாராகிறார் என்று அவர்களுக்குச் சொல்லிவிடும். காத்திருப்புக் காலம், அதாவது முன்பே இருந்த நோய்களுக்குப் பணம் தராத ஆரம்ப வருடங்கள், பற்றிய வாதத்தை இரண்டாவதாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. அதை முதலில் வைத்தால், நோய் முன்பே இருந்தது என்று நாமே ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். 2021-ல் வந்த மன்மோகன் நந்தா தீர்ப்பு எல்லாவற்றிலும் இருக்கும். அமெரிக்கா போய் இறங்கிய இடத்தில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குச் சாதகமாக வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால் அவர் தனக்குச் சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார். தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு இப்போது மறுப்பது என்ன நியாயம் என்பதுதான் அதன் சாரம். எதையும் சொல்லாதவருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. எதிர்ப்பக்கம் 2009-ல் வந்த சத்வந்த் கவுர் சந்து தீர்ப்பைக் காட்டுவார்கள், முக்கியமான நோயை மறைத்தால் கம்பெனி மறுக்கலாம் என்று சொன்னது அது. முதல் கடிதத்தில் தீர்ப்பே வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு சங்கடமான கேள்வி பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கு உண்மையிலேயே 2020-க்கு முன்பே பிபி இருந்து, மாத்திரையும் சாப்பிட்டிருந்தால்? அப்போது மேலே உள்ள கடிதத்தை அனுப்பாதீர்கள். மருந்துக்கடை பில்லோ பழைய ஆஸ்பத்திரிச் சீட்டோ அவர்கள் கையில் கிடைத்தால் முழுப் பாலிசியும் போகும். அந்த நிலையில் எழுத வேண்டியது வேறு: விண்ணப்பத்தை நிரப்பியது யார், அந்தக் கேள்வி அப்பாவிடம் கேட்கப்பட்டதா, பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்தீர்களா, அதில் பிபி தெரியவில்லையா. வெற்றி வாய்ப்பு குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

இன்னொன்று. மறுப்புக் கடிதத்தின் கடைசி வரியில், பாலிசியை ரத்து செய்வதாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதையும் இதே கடிதத்தில் எதிர்க்க வேண்டும். இல்லையென்றால் ஆகஸ்டில் பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள். சண்டை ஒரு பக்கம், பிரீமியம் ஒரு பக்கம். 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்துவிட்டால், அதன் பிறகு வரும் க்ளெய்மைத் தகவல் மறைப்பு என்று சொல்லி மறுக்க முடியாது, மோசடியை நிரூபித்தால் ஒழிய. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது, 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். உங்கள் அப்பா ஐந்தே மாத தூரத்தில் நழுவவிட்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு முழு மறுப்பு வந்திருக்காது, பணத்தைக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அதில் அதிகம் நடப்பது அறை வாடகைக் கணக்கு, பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவதும் அதைத்தான். பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 5,000 வரை என்று இருக்கிறது, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நாலு நாள் இருந்தீர்கள். பில் 2,00,000. எட்டில் ஐந்து பங்குதான் தகுதி என்று மொத்தப் பில்லையும் 62.5 சதவீதமாக வெட்டி 1,25,000 கொடுத்துவிடுவார்கள். கையை விட்டுப் போனது 75,000. ஆனால் 2020-லேயே ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது: மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (கையுறை, சிரிஞ்ச் மாதிரி ஒரு தடவை பயன்படுத்தும் பொருட்கள்), ஸ்டென்ட் மாதிரியான இம்ப்ளான்ட், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாற்றாத மருத்துவமனை என்றால் வெட்டே கூடாது. இப்போது அதே பில்லைப் பிரியுங்கள். அறை 32,000, டாக்டர் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டரும் 80,000, மருந்தும் இம்ப்ளான்ட்டும் டெஸ்ட்டும் 88,000. அறையில் வெட்டு 12,000, எண்பதாயிரத்தில் 30,000, கடைசியில் ஒன்றும் இல்லை. மொத்தம் 42,000. மீதி 33,000 உங்கள் பணம். கடிதத்தில் இந்தக் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டு, எல்லா அறைக்கும் ஒரே கட்டணம்தான் என்றால் மருத்துவமனையிடம் ஒரு சான்றும் வாங்கி இணைத்துவிட்டால், வாதமே தேவைப்படாது.

“அட்மிஷனே தேவையில்லை, ஓபியில் பார்த்திருக்கலாம்” என்ற மறுப்புக்கு நர்ஸ் சார்ட்தான் மருந்து. எத்தனை டிகிரி காய்ச்சல், பிளேட்லெட் எவ்வளவு இறங்கியது, எந்த மணிக்கு எந்த ஊசி ஏறியது என்று அதில் இருக்கும். டாக்டரின் சான்றில் “அட்மிஷன் அவசியம்” என்று மட்டும் இருந்தால் பயனில்லை. ஏன் அவசியம் என்பதற்கு எண்கள் வேண்டும்.

அனுப்பும் வழி. பாலிசிப் புத்தகத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அதற்கு ஒரே பிடிஎஃப்-ஆக அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். கூடவே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நகல், ரசீது பத்திரம். அசல் ஆவணம் எதையும் இரண்டாவது தடவை கொடுக்காதீர்கள். கஸ்டமர் கேரில் பேசியது எதுவும் கணக்கில் வராது, பேசினால் அன்றே “இன்று நீங்கள் சொன்னபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. புகாரைக் கம்பெனிக்குத் தள்ளி, பதில் சொல்ல வைப்பார்கள்.

கம்பெனி மறுபடியும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே இல்லையென்றாலோ, அடுத்த படி இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது, அதுதான் நமக்கு நல்லது. 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. கம்பெனியின் கடைசி மறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், விசாரணை வீடியோ காலிலும் நடக்கிறது. அங்கே வரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். உத்தரவு பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி திறந்தே இருக்கும். ஆனால் முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆகவே வரிசை முக்கியம். விசாரணையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சமயத்தில் கையில் இருக்க வேண்டியது இதே ஒரு பக்கக் கடிதமும் மூன்று இணைப்புகளும்.

நடுவில் ஒரு நாள் போன் வரலாம், “சார், 1,40,000 தர்றோம், முடிச்சுக்கலாமா?” என்று. அவசரத்தில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, அடகு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது நான் யார் சொல்ல. ஆனால் “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சடித்த வவுச்சரில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். “பகுதித் தொகை, ஆட்சேபத்துடன் பெறப்பட்டது” என்று கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.